வாசகர் மன்றத்தில் ஒரு வழக்கு

உரைநடை உலகம்

நுழையும்முன்...

ஒரு நூலைப் படித்து முடித்தவுடன் 'நன்று' என்றோ 'நன்றன்று' என்றோ கூறிவிடுதல் எளிது. அவ்வாறு கருதுவதற்குரிய காரணத்தை அந்நூலிலிருந்தே எடுத்துக்காட்டுதல் அரிது. 1926ஆம் ஆண்டில் வெளியான துப்பறியும் புதினம் ஒன்று தன் வாசகர்களை இரு அணிகளாகப் பிரித்தது. ஆசிரியர் தம்மை ஏமாற்றிவிட்டார் என்றனர் ஒரு சாரார். கவனமின்றிப் படித்தவரே ஏமாந்தார் என்றனர் மறுசாரார். ஏறத்தாழ நூறாண்டுகள் ஆகியும் அவ்வழக்கு முடியவில்லை. விருப்புவெறுப்பாகத் தொடங்கும் கருத்து, சான்றுகளின் துணையால் திறனாய்வாக வளரும் முறையை அவ்வழக்கின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

வாசகரும் போட்டியாளரே

கதை இலக்கிய வகைகளுள் துப்பறியும் கதைக்குத் தனித்த இயல்பொன்று உண்டு. பிற கதைகளில் வாசகர், நிகழ்வுகளை உடனிருந்து காண்பவர். துப்பறியும் கதையிலோ அவர் ஒரு போட்டியாளர். கதையில் வரும் துப்பறிவாளர் உண்மையைக் கண்டறிவதற்கு முன்பே தாம் கண்டறிந்துவிட வேண்டும் என்னும் முனைப்புடன் அவர் பக்கங்களைப் புரட்டுகிறார்.

இப்போட்டி நேர்மையாக நடைபெற வேண்டுமெனில், எழுத்தாளருக்கும் வாசகருக்கும் இடையே எழுதப்படாத உடன்பாடொன்று இருத்தல் வேண்டும். தடயங்கள் அனைத்தும் வாசகரின் கண்முன் வைக்கப்பட வேண்டும். ஆயினும், அவற்றின் பொருள் உடனே விளங்காதவாறு வைக்கப்பட வேண்டும். மறைத்தலும் காட்டலும் ஒரே வரியில் நிகழ வேண்டிய இந்நெருக்கடியே இவ்வகைப் புதினத்தின் கலை எனலாம்.

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1841ஆம் ஆண்டு எழுதிய சிறுகதையொன்றை இவ்வகையின் தொடக்கமாகக் கொள்வர். அக்கதையில், துப்பறிபவரின் நண்பர் ஒருவரே நிகழ்ந்தவற்றை எடுத்துரைக்கிறார். 1887ஆம் ஆண்டில் ஆர்தர் கோனன் டாயில் படைத்த ஷெர்லக் ஹோம்ஸுக்கும் அத்தகைய நண்பர் ஒருவர் வாய்த்தார். அவரே மருத்துவர் வாட்சன். ஹோம்ஸ் கண்டதை வாட்சனும் காண்கிறார். ஆனால், அதன் பொருளை அவர் உணர்வதில்லை. வாசகரின் நிலையும் அதுவே. எனவே, கதைசொல்லியாகிய நண்பர் அறிவில் சற்றுக் குறைந்தவராக இருக்கலாம். உண்மையில் குறைந்தவராக இருக்கமாட்டார் என்னும் நம்பிக்கை வாசகர் உள்ளத்தில் வேரூன்றியது. அந்நம்பிக்கையின் மீதே அகதா கிறிஸ்டி கைவைத்தார்.

கதையும் முடிச்சும்

'ரோஜர் ஆக்ராய்டு கொலை' என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட புதினம், 1925ஆம் ஆண்டில் இலண்டன் நாளேடு ஒன்றில் தொடராக வந்து, 1926ஆம் ஆண்டில் நூல்வடிவம் பெற்றது. கிங்ஸ் அபாட் என்னும் கற்பனைச் சிற்றூரே கதைக்களம். அவ்வூர் மருத்துவர் ஜேம்ஸ் ஷெப்பர்டு, கதையைத் தன்மையிடத்தில் நின்று கூறுகிறார். அவர் அமைதியானவர், ஊராரின் நம்பிக்கைக்குரியவர். தமக்கை கரோலினுடன் வாழ்கிறார். வீட்டைவிட்டு வெளியேறாமலேயே ஊர்ச்செய்திகளையெல்லாம் அறிந்துகொள்ளும் திறன் படைத்தவர் கரோலின்.

திருமதி ஃபெரர்ஸ் என்னும் கைம்பெண்ணின் மறைவுடன் கதை தொடங்குகிறது. அவர் தம் கணவரை நஞ்சூட்டிக் கொன்றவர். அதனை அறிந்த ஒருவர் அவரை மிரட்டிப் பணம் பறித்துவந்தார். ஊரின் செல்வரான ரோஜர் ஆக்ராய்டு, திருமதி ஃபெரர்ஸை மணக்க எண்ணியிருந்தவர். மிரட்டியவர் யார் என்பதைத் தெரிவிக்கும் கடிதம் அவர் கைக்கு வந்து சேர்கிறது. அன்றிரவே அவர் தம் படிப்பறையில் குத்திக் கொல்லப்படுகிறார், கடிதமும் காணாமற்போகிறது. ஆக்ராய்டின் வளர்ப்பு மகன் ரால்ஃப் மீது ஐயம் விழுகிறது.

ஷெப்பர்டின் பக்கத்து வீட்டில், ஓய்வுபெற்றுத் தோட்டவேலையில் ஈடுபட்டிருக்கும் முதியவர் ஒருவர் வாழ்கிறார். அவர் பெல்ஜிய நாட்டுத் துப்பறிவாளர் எர்க்யூல் பொய்ரோ. முந்தைய கதைகளில் அவருடைய துணைவராகவும் கதைசொல்லியாகவும் இருந்த ஹேஸ்டிங்ஸ் இப்போது அர்ஜென்டினாவில் இருக்கிறார். அவ்விடத்தில் ஷெப்பர்டு வந்து அமர்கிறார். வாசகரும் அவரை இன்னொரு வாட்சனாகவே ஏற்றுக்கொள்கின்றனர்.

இப்புதினத்தின் முடிவை அறியாமல் அதனைப் பற்றிய வழக்கை அறிய இயலாது. எனவே, அதனை இங்குக் கூறுதல் தவிர்க்க இயலாததாகிறது. மிரட்டிப் பணம் பறித்தவரும் கொலை செய்தவரும் ஷெப்பர்டே. தொடக்கம் முதல் வாசகரின் கைப்பிடித்து அழைத்துவந்த கதைசொல்லியே குற்றவாளி!

வழக்கும் எதிர்வழக்கும்

இம்முடிவு வாசகரிடையே பெருஞ்சலசலப்பை உண்டாக்கியது. "கதை சொல்பவரையே நம்ப இயலாதெனில் வாசகர் வேறு யாரைத்தான் நம்புவது?" என்பது குறைகூறியோரின் வாதம். அமெரிக்கத் துப்பறியும் புதின ஆசிரியரான எஸ். எஸ். வான் டைன் அவர்களுள் ஒருவர். இப்புதினத்தில் கையாளப்பட்ட உத்தி முறையானதன்று என 1927ஆம் ஆண்டில் அவர் எழுதினார். அதற்கு அடுத்த ஆண்டில் துப்பறியும் கதைகளுக்கென இருபது விதிகளையும் வகுத்தார். துப்பறிவாளரிடம் குற்றவாளி செய்யும் சூழ்ச்சிகளைத் தவிர, வாசகரை ஏமாற்றும் வேறு எவ்விதச் சூழ்ச்சியும் கூடாது என்பது அவற்றுள் ஒன்று.

இதற்கு மறுமொழி அளித்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் டோரதி எல். சேயர்ஸ். அவரும் துப்பறியும் புதினங்களைப் படைத்தவரே. 1928ஆம் ஆண்டில் தாம் தொகுத்த கதைத்தொகுப்பின் முன்னுரையில் அவர் இச்சிக்கலை ஆராய்ந்தார். நயமாக ஏமாற்றப்பட்டோம் என்னும் மனத்தாங்கலே இக்குறைகூறலுக்குக் காரணம் என்பது அவர் கருத்து. தேவையான செய்திகள் அனைத்தும் நூலில் உள்ளன. கூர்ந்து படிப்பவர் குற்றவாளியைக் கண்டுபிடிக்க இயலும். எவரையும் விட்டுவைக்காமல் ஐயுறுவது வாசகரின் கடமை என்றார் அவர்.

இரு சாராரும் ஒரே நூலையே படித்தனர். எனினும், அவர்கள் கண்ட நூல்கள் இரண்டு. இவ்வேறுபாட்டைத் தீர்க்க உரத்த குரல் உதவாது. நூலையே மீண்டும் திறந்து பார்த்தல் வேண்டும்.

பத்து மணித்துளிகள்

மறுமுறை படிக்கும் வாசகருக்கு முதலில் கண்ணில்படுவது காலக்கணக்கு. இரவு 8.40 மணிக்குக் கடிதம் ஆக்ராய்டிடம் வருகிறது. 8.50 மணிக்கு அவரைவிட்டுத் தாம் வெளியேறியதாக ஷெப்பர்டு எழுதுகிறார். கதவின் கைப்பிடியில் கைவைத்தவாறு ஒருகணம் தயங்கித் திரும்பிப் பார்த்ததாகவும், செய்யாமல் விட்டது ஏதேனும் உண்டா என எண்ணியதாகவும் அவர் குறிப்பிடுகிறார். முதல் வாசிப்பில், நண்பரின் துயரத்தைக் கண்டு வருந்தும் மருத்துவரின் தயக்கமாக இது தோன்றும். மறுவாசிப்பில், கொலையை முடித்துவிட்டுத் தடயம் ஏதும் எஞ்சியுள்ளதா எனச் சரிபார்க்கும் குற்றவாளியின் பார்வையாக அதுவே மாறிவிடுகிறது. வரியில் ஒரு சொல்லும் மாறவில்லை. மாறியது வாசகரின் அறிவே. கடிதம் வந்ததற்கும் கதவைத் திறந்ததற்கும் இடைப்பட்ட அந்தப் பத்து மணித்துளிகளை ஷெப்பர்டு எழுதவில்லை.

அடுத்ததும் ஒரு காலக்கணக்கே. ஆக்ராய்டின் மாளிகையிலிருந்து வெளிவாயிலுக்கு நடந்துசெல்ல ஐந்து மணித்துளிகளே ஆகும். 8.50 மணிக்குப் புறப்பட்ட ஷெப்பர்டு வாயிலை அடையும்போது மணி ஒன்பது அடிக்கிறது. எஞ்சிய ஐந்து மணித்துளிகள் எங்கே போயின? இக்கணக்கையும் ஷெப்பர்டே எழுதிவைத்திருக்கிறார். பொய்ரோ அதனைக் கூட்டிப் பார்த்தார், வாசகர் பார்க்கவில்லை.

வேறு குறிப்புகளும் உண்டு. இரவு 9.30 மணிக்குப் படிப்பறையிலிருந்து ஆக்ராய்டின் குரல் கேட்டதாகச் சான்று கூறப்படுகிறது. அது ஒலிப்பதிவுக் கருவியிலிருந்து எழுந்த குரல் என்பது பின்னர்த் தெரியவருகிறது. இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதில் தமக்குள்ள ஈடுபாட்டை ஷெப்பர்டு முன்பே கூறியிருக்கிறார். தமக்கு வந்துசேர்ந்த சொத்தை ஆசையால் இழந்ததையும் அவர் மறைக்கவில்லை. பிணத்தைக் கண்டபின், செய்யவேண்டிய சிறுவேலையைச் செய்ததாக அவர் எழுதுவதும் பொய்யன்று. அக்கருவியைத் தம் பைக்குள் மறைத்ததும், நாற்காலியை அதன் பழைய இடத்திற்குத் தள்ளியதுமே அச்சிறுவேலை!

தம் குறிப்பேட்டைப் படிக்கத் தரும் ஷெப்பர்டிடம், அவர் தம்மைப் பின்னணியிலேயே நிறுத்திக்கொண்டிருப்பதைப் பொய்ரோ சுட்டிக்காட்டுகிறார். அடக்கத்திற்குக் கிடைத்த பாராட்டாகத் தோன்றும் அச்சொல், குற்றத்தைக் கண்டறிந்ததற்கான அறிவிப்பும் ஆகும். அகதா கிறிஸ்டியும் தம் தன்வரலாற்றில் இவ்வழக்கைத் தொட்டுச் செல்கிறார். கவனமாகப் படிப்பவர்கள் இது ஏமாற்று என்னும் கருத்து தவறு என்பதை உணர்வர் எனவும், இடைப்பட்ட காலம் இருபொருள்படும் தொடரில் மறைக்கப்பட்டுள்ளது எனவும் அவர் விளக்குகிறார்.

தெரிந்து தெளிவோம்

கதைசொல்லியே குற்றவாளியாக அமையும் உத்தியை அகதா கிறிஸ்டிக்கு முன்பே சிலர் கையாண்டுள்ளனர். 1884-85ஆம் ஆண்டுகளில் மாஸ்கோ நாளேடு ஒன்றில் தொடராக வந்த ஆன்டன் செகாவின் புதினம் அவற்றுள் ஒன்று. வாட்சனைப் போன்ற ஒருவரைக் குற்றவாளியாக்கலாம் என்னும் எண்ணத்தைத் தம் உறவினர் ஜேம்ஸ் வாட்ஸ் கூறியதாகவும், மவுண்ட்பேட்டன் பிரபுவும் அத்தகைய கருத்தைக் கடிதம் வழியே தெரிவித்ததாகவும் கிறிஸ்டி குறிப்பிட்டுள்ளார். இம்மவுண்ட்பேட்டனே பின்னாளில் இந்தியாவின் கடைசி ஆங்கிலேய அரசப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றவர்.

விதிகளும் விலக்கும்

1929ஆம் ஆண்டில், கத்தோலிக்க அருள்தந்தையும் எழுத்தாளருமான ரொனால்டு நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே இடம்பெற வேண்டும்; எனினும், வாசகர் எவருடைய எண்ண ஓட்டத்தைப் பின்தொடர இடமளிக்கப்பட்டதோ அவர் குற்றவாளியாக இருத்தலாகாது என்பது முதல் விதி. துப்பறிவாளரின் நண்பர் தம் எண்ணங்களை வாசகரிடமிருந்து மறைத்தலாகாது என்பது மற்றொரு விதி. இவ்விரண்டையும் ஷெப்பர்டு மீறியவரே. ஆயினும் நாக்ஸ், கிறிஸ்டியின் வியத்தகு ஆற்றலைக் கருதும்போது முதல் விதியின் பிற்பகுதியை வரையறுப்பது கடினம் என அவ்விடத்திலேயே ஒப்புக்கொண்டார்.

1930ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் துப்பறியும் கதை எழுத்தாளர்களின் சங்கம் ஒன்று தோன்றியபோது நாக்ஸ், சேயர்ஸ், கிறிஸ்டி ஆகிய மூவரும் அதன் தொடக்ககால உறுப்பினர்களாக விளங்கினர். விதி வகுத்தவரும், விதியை மீறியவரும், மீறியவருக்காக வாதிட்டவரும் ஓரவையில் அமர்ந்தனர். கருத்து வேறுபாடு பகையாக வேண்டியதில்லை என்பதற்கு இதுவும் சான்று.

யாருக்குக் கவலை?

இவ்வழக்கையே தேவையற்றது எனக் கருதியவர்களும் இருந்தனர். அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்டு வில்சன், துப்பறியும் கதைகளை மக்கள் ஏன் படிக்கின்றனர் என வினவி 1944ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். அதனை மறுத்து வாசகர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. அவர்கள் பரிந்துரைத்த நூல்கள் சிலவற்றைப் படித்துப் பார்த்த பின்னரும் அவர் கருத்து மாறவில்லை. ரோஜர் ஆக்ராய்டைக் கொன்றவர் யாராக இருந்தால் யாருக்கென்ன கவலை எனத் தலைப்பிட்டு 1945ஆம் ஆண்டில் மற்றொரு கட்டுரையை வெளியிட்டார். இவ்வகைக் கதைகளில் வரும் மனிதர்கள் உயிரற்றவர்கள். விடை தெரிந்தபின் எஞ்சுவது ஒன்றுமில்லை என்பது அவர் மதிப்பீடு.

வில்சனின் வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. விடை தெரிந்ததும் குப்பையில் எறியப்படும் புதிர்க்கட்டம் போன்ற துப்பறியும் கதைகள் மிகப்பல. ஆனால், ஆக்ராய்டு புதினத்தில் விடை தெரிந்தபின்னரே இரண்டாவது நூல் திறக்கிறது. வலிமையற்ற உள்ளம் கொண்ட மனிதர் ஒருவர் ஆசையால் குற்றத்தில் விழுந்து, அதனை மறைக்க மேலும் பெரிய குற்றத்தைச் செய்து, அதைப்பற்றித் தாமே நூலெழுதி, தம் சொற்றிறத்தைத் தாமே வியந்துகொள்ளும் அவலம் அதில் வெளிப்படுகிறது.

முடியாத விசாரணை

1998ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பேராசிரியரும் உளப்பகுப்பாய்வாளருமான பியர் பயார், இப்புதினத்தை மறுவிசாரணை செய்து ஒரு நூலே எழுதினார். இத்துணைச் செய்திகளை மறைத்த கதைசொல்லியின் குற்ற ஒப்புதலை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்பது அவர் வினா. பொய்ரோவின் முடிவில் ஓட்டைகள் உள்ளன என வாதிட்ட அவர், ஐயத்தை ஷெப்பர்டின் தமக்கை கரோலின் பக்கம் திருப்பினார். அம்முடிவை ஏற்காதவர்களும், நூலின் ஒவ்வொரு வரியையும் அவர் எடைபோட்ட முறையை மதிக்கவே செய்வர்.

2013ஆம் ஆண்டில் பிரித்தானியக் குற்றப்புதின எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர்கள், இவ்வகைப் புதினங்களுள் தலைசிறந்தது எது என வாக்களித்தனர். தேர்வு பெற்றது ஆக்ராய்டு புதினமே. ஒருகாலத்தில் விதிமீறல் எனப்பட்டது, மறுகாலத்தில் சாதனை எனப்பட்டது. ஆயினும், வாக்கெடுப்பு ஒரு நூலுக்கு எத்தனை பேர் விரும்பிகள் என்பதைக் கூறும். அவ்விருப்பத்தின் காரணத்தைக் கூறாது.

கருத்தும் சான்றும்

இந்நெடிய வழக்கில் இரண்டு வினாக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. 'கதைசொல்லி பொய் கூறினாரா?' என்பது முதல் வினா. இதற்கு விடையளிக்க வல்லது நூல் மட்டுமே. வரிவரியாக ஆராய்ந்து, கடிகாரத்தைக் கணக்கிட்டு, எவரும் சரிபார்க்கத்தக்க விடையைக் கூற இயலும். இங்கே சான்று காட்டாத கருத்துக்கு மதிப்பில்லை.

'உண்மையின் ஒரு பகுதியை மறைத்துக் கூறுதல் நேர்மையாகுமா?' என்பது இரண்டாம் வினா. இது நூலினுள் மட்டும் விடை காணத்தக்கதன்று. ஒரு சொல்லும் பொய்யாகாமல் ஒருவரை முழுவதுமாக ஏமாற்ற இயலும் என்பதை ஷெப்பர்டின் எழுத்து மெய்ப்பிக்கிறது. கலையில் அதனைத் திறமை எனப் பாராட்டும் வாசகர், வாழ்வில் அதனை வஞ்சகம் என்பார். விளம்பரத்திலும் செய்தியிலும் நண்பர் கூற்றிலும் 'கூறப்பட்டவை உண்மையா?' என்று கேட்பதோடு நில்லாமல், 'கூறப்படாதவை எவை?' என்றும் கேட்கும் பழக்கத்தை இப்புதினம் கற்றுத்தருகிறது.

வான் டைனின் சினமும் சேயர்ஸின் பாராட்டும் வில்சனின் சலிப்பும் பயாரின் ஐயமும் ஒரே நூலிலிருந்து பிறந்தவை. அவற்றுள் ஒன்றே சரி எனத் தீர்ப்பளிப்பது வாசகரின் முதற்பணியன்று. ஒவ்வொரு கருத்தும் எவ்வரியின்மேல் நிற்கிறது என வினவுதலே முதற்பணி. முதல் வாசிப்பு கருத்தைத் தருகிறது. மறுவாசிப்பு அக்கருத்தைச் சோதிக்கிறது. சோதனைக்குப் பின்னும் நிலைத்து நிற்கும் கருத்தே திறனாய்வு எனப்படும்.

நூல்வெளி

அகதா கிறிஸ்டி (1890 - 1976) இங்கிலாந்தின் டார்க்கி நகரில் பிறந்தவர். முதல் உலகப்போர்க் காலத்தில் மருத்துவமனையின் மருந்துப் பிரிவில் பணியாற்றியபோது பெற்ற நஞ்சுகள் பற்றிய அறிவு அவருடைய கதைகளில் பெரிதும் பயன்பட்டது. 1920ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் புதினத்திலேயே எர்க்யூல் பொய்ரோவை அறிமுகப்படுத்தினார். மிஸ் மார்ப்பிள் அவர் படைத்த மற்றொரு புகழ்பெற்ற துப்பறிவாளர். அவருடைய தன்வரலாறு, அவர் மறைவுக்குப்பின் 1977ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

கற்பவை கற்றபின்...

1. அண்மையில் படித்த கதையொன்றைப் பற்றிய கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக. பின்னர் அக்கதையை மீண்டும் படித்து, அக்கருத்தில் நேர்ந்த மாற்றத்தையும் அதற்குக் காரணமான பகுதியையும் குறிப்பிடுக.

2. 'ஷெப்பர்டு வாசகரை ஏமாற்றினார்' என்னும் தலைப்பில் வழக்குத் தொடுப்போர், எதிர்வாதம் புரிவோர், நடுவர் என வகுப்பில் மூன்று குழுக்களாகப் பிரிந்து வாதிடுக. பாடத்தில் உள்ள சான்று ஒன்றையேனும் ஒவ்வொருவரும் எடுத்துக்காட்டுக.

3. பள்ளியில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்வைப் பொய் ஏதுமின்றி, ஆனால் முதன்மையான செய்தியொன்றை மறைத்து எழுதுக. மறைக்கப்பட்டது எது என நண்பர்களைக் கண்டறியச் செய்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக.

துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகளை வகுத்தவர்
அ) வான் டைன்
ஆ) ரொனால்டு நாக்ஸ்
இ) எட்மண்டு வில்சன்
ஈ) பியர் பயார்

குறுவினா

1. துப்பறியும் கதையின் வாசகர் ஏன் போட்டியாளர் எனப்படுகிறார்?
2. ஷெப்பர்டை வாசகர் ஐயுறாமைக்குரிய காரணங்கள் இரண்டினை எழுதுக.

சிறுவினா

1. 'வரியில் ஒரு சொல்லும் மாறவில்லை. மாறியது வாசகரின் அறிவே' - இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.
2. வான் டைன், சேயர்ஸ் ஆகியோரின் கருத்துகளை ஒப்பிடுக.

நெடுவினா

சான்று காட்டித் தீர்க்கத்தக்க வினா, சான்றால் மட்டும் தீராத வினா ஆகியவற்றை ஆக்ராய்டு புதினம் பற்றிய வழக்கின்வழி வேறுபடுத்தி, உம் கருத்தைக் காரணங்களுடன் நிறுவுக.